படேயும் சோட்டேயும்

குஷாய்குடா,
ஐதராபாத்,
6 ஜூலை 2003

சிலாஸ் தம்பிக்கு,

மதினி சௌந்தரி எழுதுகிறேன். இரண்டு தடவை போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. கிழித்துப் போடுவதென்றாலும் ஒரு வரியாவது கண்ணில் பட்ட பிறகுதான் கிழிக்க முடியும். அந்த ஒரு வரி இதுதான்: உங்கள் அண்ணனுக்குப் பக்கவாதம்.

மே மாதக் கடைசியில், பிளாண்டுக்குக் கிளம்பச் சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சில நாள் ஆன பிறகு, இட்லியை ஊட்டப் போனேன். என்னை நேராகப் பார்த்து "நக்கோ" என்றார். வேண்டாம் என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும். தட்டைக் கீழே போட்டுவிட்டு அபிகாயிலைக் கூப்பிட ஓடினேன்.

அந்தச் சந்தோஷம் அன்று மத்தியானம்வரைதான். வந்த பேச்சு தமிழ் இல்லை. இங்கிலீஷ் இல்லை, பிளாண்டில் பேசும் தெலுங்கும் இல்லை. தெருவில் கோலி ஆடுகிற பையன்கள் பேசும் தக்கினி உருது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் வாயில் அதை நான் கேட்டதே கிடையாது. சபையில் ஜெபம் செய்யச் சொன்னால் வேதாகமத் தமிழில் அரை மணி நேரம் நிறுத்தமாட்டாரே, அவருக்கு இப்போது என் பேரைச் சொல்லக்கூட தமிழ் வரவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க அனுபமா என்று ஒரு பெண் வருகிறாள். நாம் தமிழில் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது, வெளியே வரும் வழிதான் அடைத்திருக்கிறது என்கிறாள். சின்ன வயதில் விளையாடிக் கற்ற பாஷை சிலருக்கு வேறு வழியாக முதலில் வந்துவிடுமாம். ஏன் என்று கேட்டேன். "எங்களுக்கும் முழுசா தெரியாது ஆன்ட்டி" என்றாள். அதைக் கேட்டு எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. கோயிலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற மாதிரி இப்போதெல்லாம் அவர் அறைக்குள் போகிறேன்.

தம்பி, விஷயத்துக்கு வருகிறேன். அவர் திரும்பத் திரும்பச் சொல்வது மூன்று. "பத்தர் ஹில்ரா." "ஹாத் நக்கோ சோட்." "சோட்டே கிதர் ஹை?" பக்கத்து வீட்டு ஜுலைகா அக்காவிடம் கேட்டேன். பாறை ஆடுகிறது. கையை விடாதே. சின்னவன் எங்கே. வார்த்தை புரிந்துவிட்டது, விஷயம்தான் புரியவில்லை. எந்தப் பாறை? யார் கை? எங்கள் வீட்டில் சின்னவன் கிடையாது, அபிகாயில் ஒருத்திதான். அப்படியானால் அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும்.

சமாதானம் பேச இதை எழுதவில்லை. அர்த்தம் மட்டும் சொல்லுங்கள், போதும்.

சௌந்தரி


குன்னூர்,
17 ஜூலை 2003

மதினிக்கு,

உங்கள் வீட்டுக்காரரின் உடம்புக்கு வந்தது அறிந்தேன். அர்த்தம் கேட்டீர்கள், எழுதுகிறேன்.

நாங்கள் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தது உங்களுக்குத் தெரியும். அப்பா ரயில்வே பள்ளிக்கூட வாத்தியார். வீட்டுக்குள் தமிழ், விருந்தாளி வந்தால் இங்கிலீஷ். தெருப் பாஷை ஒரு வார்த்தை வாயில் வந்தால் பிரம்பு. அதனால் அதை வாசற்படியில் விட்டுவிட்டு வீட்டுக்குள் போவோம். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்வோம். அவன் படே, நான் சோட்டே. பெரியவன், சின்னவன். அம்மாவுக்கே இந்தப் பேர்கள் தெரியாது.

லீவு நாளில் தண்டவாளத்தோடு நடந்து மௌலாலி தாண்டிப் போவோம். அங்கே ஒரு குன்றின் முதுகில் மூன்று பாறை, ஒன்றின் மேல் ஒன்று. உச்சியில் இருப்பது ஒரு வீட்டளவு உருண்டை. அது உட்கார்ந்திருக்கும் இடமோ ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்தான் இருக்கும். யார் தூக்கி வைத்தது, எப்படி நிற்கிறது, ஒரு காற்றுக்குக்கூட ஏன் விழவில்லை என்று இரண்டு பேரும் மல்லாந்து படுத்துக்கொண்டு பேசுவோம். விரலால் தொட்டால் ஆடும் என்பது எங்கள் நம்பிக்கை. பாறை ஆடியதா, எங்கள் விரல் நடுங்கியதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பத்தர் ஹில்ரா என்பது அதுதான்.

மேலே ஏற ஒரு இடுக்கு வழியாகப் போக வேண்டும். பெரியவன் முதலில் ஏறிக் கையை நீட்டுவான். கையை விடாதே என்பது அங்கே சொல்வது.

கேட்டதைச் சொல்லிவிட்டேன். கேட்காததையும் ஒன்று சொல்கிறேன். அம்மா இறந்தபோது குன்னூரிலிருந்து கிளம்பி, கோயம்புத்தூரில் ரயில் பிடித்தேன். வழியில் ஒரு கூட்ஸ் வண்டி தடம் புரண்டு எங்கள் வண்டி பாதி நாள் நின்றது. ஸ்டேஷன் மாஸ்டர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி அவனுக்குப் போன் போட்டுச் சொன்னேன், வந்துகொண்டிருக்கிறேன் என்று. நான் வந்து சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்தில் ஈர மண்தான் இருந்தது. என் அம்மா முகத்தை எனக்குக் காட்டாமல் பெட்டியை மூடிவிட்டான். அன்றைக்குக் கையை விட்டவன் அவன், மதினி. இன்றைக்கு விடாதே என்று யாரிடம் சொல்கிறான்?

சிலாஸ்


குஷாய்குடா,
2 ஆகஸ்ட் 2003

சிலாஸ் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் பாறை வரும் பகுதியை மட்டும் அவருக்கு உரக்கப் படித்தேன். 'சாப்பாட்டுத் தட்டு அகலம்' என்ற இடத்தில் சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது, ஆனாலும் சிரிப்பு. பிறகு கண்ணைத் துடைக்க வலது கையைத் தூக்கப் பார்த்தார், வரவில்லை. நான் துடைத்தேன். எனக்கும் வந்துவிட்டது. "கைக்கு ரோரீ?" என்றார். ஏன் அழுகிறாய் என்று கேட்கிறாராம்! இவ்வளவு வருஷத்தில் ஒரு தடவையாவது இதைத் தமிழில் கேட்டிருக்கிறாரா இந்த மனுஷன்? உருதுவில் வந்த புருஷன் தமிழ்ப் புருஷனைவிட மோசமில்லை என்று ஜுலைகா அக்காவிடம் சொன்னேன். அக்கா சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

அபிகாயில் பள்ளிக்கூடத்தில் இந்தி படித்தவள். மாதாப்பூர் கம்பெனிக்குப் போகுமுன் அப்பாவோடு உட்கார்ந்து அரட்டை அடிக்கிறாள். நான் பக்கத்தில் நின்று ரசம் ஊற்றுகிறேன். எத்தனை நாள் இப்படி நிற்பது? அதனால் ஜுலைகா அக்காவிடம் பாடம் ஆரம்பித்தாயிற்று. சொந்தப் புருஷனோடு பேச இந்த வயதில் பாஷை படிக்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முதல் வாக்கியம் நானே கட்டினேன்: பசிக்கிறதா என்று. அவர் அதைத் திருத்தினார்! பிறகு 'ஹவ்', ஆமாம் என்று தலையாட்டிச் சாப்பிட்டார்.

இனி அம்மா விஷயம். அவர் செய்தது சரி என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் போன் செய்தது உண்மை. மே மாத வெயில், கரண்ட் இல்லை, ஐஸ் கரைந்துகொண்டிருந்தது, சபை ஐயருக்கு உப்பலில் ஒரு கல்யாண ஆராதனை. எல்லாரும் அவரைச் சுற்றி நின்று நேரமாச்சு, நேரமாச்சு என்று நச்சரித்தார்கள். நான் பெட்டி அருகில் நின்று, "மூட வேண்டாம், தம்பி வரட்டும்" என்று சத்தமாகவே சொன்னேன். சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படிச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தலையை அசைத்தார், மூடினார்கள். அந்த நாளைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பிறகு பேசியதேயில்லை. நான் பேசப் போனால் எழுந்து வெளியே போய்விடுவார்.

இப்போது புதிதாக ஒன்று கேட்கிறார். "ஓ பத்தர் அபி ஹை க்யா?" அந்தப் பாறை இன்னும் இருக்கிறதா என்று. நான் என்ன சொல்வேன்? இந்த ஊரில் இப்போது தினம் மத்தியானம் சைரன் ஊதிப் பாறையை வெடிக்கிறார்கள். அபிகாயிலின் ஆபீஸ் நிற்கும் இடமே வெடித்து எடுத்த இடம்தான். வழி எழுதுங்கள், போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.

சௌந்தரி


குன்னூர்,
14 ஆகஸ்ட் 2003

மதினிக்கு,

வழி தனித்தாளில் வரைந்திருக்கிறேன். ரயில்வே கேட்டிலிருந்து குன்று தெரியும். அப்போது தெரிந்தது, இப்போது எத்தனை மாடிக் கட்டடம் மறைக்கிறதோ.

போன கடிதத்தில் பாதிதான் சொன்னேன். கோபத்தில் பாதியை விழுங்கிவிட்டேன். எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. மழை விட்ட மறுநாள். அவன் ஏறிவிட்டான். நான் இடுக்கில் கால் வைத்தேன், வழுக்கிவிட்டது. கீழே பனைமர உயரம். அவன் குப்புறப் படுத்தபடி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பாறை ஆடுகிறது, கையை விடாதே என்று கத்தியது நான், மதினி. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆடு மேய்க்க வந்த ஒருவர் கீழிருந்து என்னைத் தாங்கும்வரை பிடி தளரவில்லை. அவன் இப்போது சொல்லும் மூன்றில் இரண்டு அவனுடைய வார்த்தையே இல்லை. நான் கத்தியது. இவ்வளவு வருஷமாக எங்கே வைத்திருந்தான்?

அதற்குப் பிறகுதான் அவனுக்கு வலது தோள் முழுசாக மேலே போகாது. உங்களிடம் என்ன சொன்னான்?

தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் எனக்கு இன்னும் இரண்டு வருஷ வேலை இருக்கிறது. சமையல் நானே. ரூபி போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது, இன்னும் ரசத்தில் உப்பு நிதானப்படவில்லை. பாறையைப் பார்த்தால் எழுதுங்கள். வரச் சொல்லிக் கேட்காதீர்கள்.

சிலாஸ்


குஷாய்குடா,
20 ஆகஸ்ட் 2003

சிலாஸ்,

என்ன எழுதியிருக்கிறோம் என்று தெரிந்துதான் எழுதினீர்களா? ரூபி போய் மூன்று வருஷமா? உப்புக்கு நடுவிலே இதைச் சொல்கிறீர்களே!

அபிகாயிலுக்கு ஞானஸ்நானத்துக்கு வெள்ளைக் கவுன் தைத்தவள் அவள். கையில் எத்தனை ஊசிக்குத்து. எனக்குக் கருச்சிதைவு ஆனபோது குன்னூரிலிருந்து தனியாக ரயில் ஏறி வந்து என் தலையை மடியில் வைத்திருந்தவள் அவள். என்ன நோய்? கஷ்டப்பட்டாளா? எங்கே அடக்கம் செய்தீர்கள்? எனக்கு எதுவும் தெரியாது. அண்ணன் மேல் கோபம் என்றால் என் அழுகையை ஏன் பிடுங்கிக்கொண்டீர்கள்?

உங்களுக்காவது ஈர மண் இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

இன்னும் அவரிடம் சொல்லவில்லை. எந்தப் பாஷையில் சொல்வதென்றும் தெரியவில்லை.

தோளைப் பற்றிக் கேட்டீர்கள். கிரிக்கெட்டில் பந்து வீசி வந்தது என்று சொன்னார்.

சௌந்தரி


குன்னூர்,
27 செப்டம்பர் 2003

மதினிக்கு,

அதற்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதம் இல்லை. பதில் எழுத ஐந்தாறு தாளைக் கெடுத்தேன்.

ரூபிக்கு ரத்தத்தில் புற்றுநோய். கண்டுபிடித்தபோது நேரம் கடந்துவிட்டது. கடைசி வாரம் வலி அதிகம் இல்லை. "ஐதராபாத்துக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். சொல்லிட்டேன் என்றேன். வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டால் தலையைத் திருப்புவாள். இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

அவனுக்கு வலிக்க வேண்டும் என்றுதான் சொல்லாமல் இருந்தேன். அவனுக்கு வலிக்கவேயில்லை, அவனுக்குத் தெரியாதே. வலித்தது ரூபிக்கு. இப்போது உங்களுக்கு.

அண்ணன் எப்படி இருக்கிறான்? பாறை இருக்கிறதா? ஒரு வரியாவது எழுதுங்கள்.

சிலாஸ்


குஷாய்குடா,
12 அக்டோபர் 2003

சிலாஸ் தம்பிக்கு,

கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ரூபிக்காக ஒரு நாள் முழுக்க அழுதேன். ஜுலைகா அக்கா வந்து எங்கள் அடுப்பில் சமைத்துவிட்டுப் போனார். உங்கள் அண்ணனிடமும் சொன்னேன். தக்கினியில் தப்பும் தவறுமாகத்தான் சொன்னேன். கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மறுநாள் பயிற்சிக்கு வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் அபிகாயிலிடம் ஒன்றே ஒன்று சொன்னாராம்: பாறைக்குப் போகலாம்.

நேற்று, சனிக்கிழமை, போனோம். அபிகாயில் கம்பெனியில் தெரிந்த ஒருவரின் வேனை வாங்கி வந்தாள். நீங்கள் வரைந்த ரயில்வே கேட் இல்லை, மேம்பாலம் வந்துவிட்டது. குன்றைச் சுற்றித் தகர வேலி. உள்ளே பாதிக் குன்றைக் காணோம். உடைத்த கல் மலைமலையாகக் கிடக்கிறது. மிச்சமிருந்த பாறைகளில் எல்லாம் வெள்ளை பெயிண்டில் நம்பர். வாட்ச்மேன் நாராயணசாமி ஆம்பூர்க்காரர், தமிழைக் கேட்டதும் வேலியைத் திறந்துவிட்டார். "கொஞ்சம் தள்ளி இன்னும் ஒண்ணு நிக்குதும்மா. அதை உடைக்க வந்தவங்க ரெண்டு தடவையும் பாத்துட்டு, இப்ப வேணாம்னுட்டுப் போய்ட்டாங்க" என்றார்.

தம்பி, அது நிற்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்தபோது சின்னப் பையன்கள் கண்ணுக்குப் பெரிசாகத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எழுதியதைவிடப் பெரிசு. சுற்றிலும் எல்லாம் போன பிறகு, ஒன்றின் மேல் ஒன்றாக அந்த மூன்று மட்டும், வானத்துக்கு நேராக. இருநூற்றைம்பது கோடி வருஷக் கல் என்று அபிகாயில் எங்கோ படித்ததைச் சொன்னாள். எனக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. நான் பார்த்தது உச்சிப் பாறைக்குக் கீழே இருக்கும் அந்தத் தட்டு அகலத்தைத்தான். அதன் வழியாக அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிறது. தலை முக்காட்டைத் தானாக இழுத்துக்கொண்டது என் கை.

சக்கர நாற்காலியை வாட்ச்மேனும் அபிகாயிலும் தூக்கிக்கொண்டு போய் அடிப்பாறையை ஒட்டி வைத்தார்கள். அவர் இடது கையைப் பாறையில் வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். பிறகு வலது கையைக் கண்ணால் காட்டினார். நான் அந்தக் கையைத் தூக்கிப் பாறைமேல் வைத்து, நழுவாமல் என் கையால் பிடித்துக்கொண்டேன். பாறை வெயிலில் சுட்டது. அந்தக் கைக்குச் சூடு தெரிந்ததா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அந்தக் கைதானே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். அவர் தலையை மல்லாத்தி மேலே பார்த்தபடியே இருந்தார்.

திரும்பி வந்து அவரை வேனில் ஏற்றினோம். அபிகாயில் கதவை இழுத்து மூடப் போனாள். அப்போது இடது கையைக் கதவுக்கு நடுவில் நீட்டித் தடுத்தார். என்னைப் பார்த்தார். அன்று பெட்டி அருகில் பார்க்காத பார்வை.

"மூட வேண்டாம்" என்றார். "தம்பி வரட்டும்."

தமிழில். கோணல் இல்லாமல், நிறுத்தி, தெளிவாக. இத்தனை மாதத்தில் வாயிலிருந்து வந்த முதல் தமிழ். எங்கிருந்து வந்ததென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது என் வாக்கியம். எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் சொல்லி, அவர் கேட்காமல் போனது. கேட்காமல் போனதாக இத்தனை நாள் நினைத்திருந்தேன். அபிகாயிலுக்கு எதுவும் தெரியாது. "தமிழ் வந்திடுச்சு மம்மி!" என்று குதித்தாள். நான் வேன் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கதவை மூடாமலே கொஞ்ச நேரம் அங்கே நின்றோம். பிறகு வீட்டுக்கு வந்துவிட்டோம், எத்தனை நேரம் நிற்பது?

நீங்கள் வரச் சொல்லிக் கேட்காதீர்கள் என்றீர்கள். நான் கேட்கவில்லை. அவர் கேட்டதை எழுதியிருக்கிறேன்.

சௌந்தரி


குன்னூர்,
18 அக்டோபர் 2003

படே,

மதினி இதை உனக்கு உரக்கப் படிக்கட்டும். இந்தத் தடவை எதையும் விட்டுவிட்டுப் படிக்க வேண்டாம்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை கோயம்புத்தூரில் வண்டி ஏறுகிறேன். ரூபி படம் ஒன்றும், அவள் தைத்துக்கொண்டிருந்து பாதியில் விட்ட மேஜைவிரிப்பும் மதினிக்காகக் கொண்டுவருகிறேன். மதினி பாக்கி அழுகையை அதை வைத்துக்கொண்டு அழட்டும். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். நான் இன்னும் சரியாக அழவில்லை.

உன்னோடு தமிழில் பேசலாமா, நம் பாஷையில் பேசலாமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். கண்ணாடி முன்னால் நின்று நம் பாஷையைப் பேசிப் பார்த்தேன். அப்பாவின் பிரம்பு ஞாபகம் வந்து முதுகு கூசியது. ஆனால் வந்தது, ஒரு வார்த்தை விடாமல் வந்தது.

உன் மேல் எனக்கு இருந்த கோபத்தை ரயிலில் எங்கேயாவது இறக்கிவிட்டு வருகிறேன் என்று சத்தியம் செய்ய முடியாது. கொஞ்சம் கூடவே வரும். வீட்டுக்கு வந்து சண்டை போடுவேன். நீ எழுந்து வெளியே போக முடியாது, எனக்கு அது வசதி. எனக்கும் நீ கொடுக்க வேண்டிய அடி ஒன்று இருக்கிறது, ரூபிக்காக. இடது கையால் கொடு.

பாறைக்கு மறுபடி போவோம். அதற்குள் அதை உடைத்துவிட்டாலும் போவோம். அது நின்ற இடத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு மேலே பார்ப்போம்.

வண்டி தாமதமானாலும் ஆகும், நம் ராசி அப்படி. எவ்வளவு நேரமானாலும் மூட வேண்டாம். வந்துகொண்டிருக்கிறேன்.

ஹாத் நக்கோ சோட்.

சோட்டே